சமதானிக் கோலமும் கணிப்பு நிரலும்

அறிவியலைக் கற்பிக்கும் துணைக்கருவிகளை இருவகையாகப் பிரிக்கலாம். பொருளையே மாணவனின் கண்முன் கொணர்ந்து நிறுத்துவன ஒருவகை. பொருளைப் பற்றிய கணக்கை அவனுக்காகச் செய்து கொடுப்பன மற்றொருவகை. தராசும் நுணுக்குக்காட்டியும் முன்னைய வகையின; மடக்கை வாய்பாடு பின்னைய வகையினது. இவ்விரண்டும் வேறென்பதை மாணவர் நெடுங்காலமாக ஐயமின்றி அறிந்திருந்தனர். மடக்கை வாய்பாட்டைப் புரட்டியவன் எவனும் தான் இயற்கையை நேரிற் காண்பதாக எண்ணியதில்லை. கணினித் திரை வந்தபின் இவ்வெல்லை மங்கத் தொடங்கிற்று. கணக்கிற் பிறந்த விடை, கருவியிற் பதிந்த வரைபடத்தின் உருவத்தை அப்படியே தாங்கித் திரையில் எழுகின்றது. இரசாயனவியல் கற்போரிடையே வழங்கும் சமதானிக் கோலக் கணிப்பு நிரல்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அவை கற்பிப்பன யாவை, கற்பிக்கத் தவறுவன யாவை என ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்தருவதாகும்.

சமதானி என்னுஞ் சொல்லே இவ்வாராய்ச்சிக்கு வாயிலாக அமையும். ஒரே அணுவெண்ணும் வேறுபட்ட திணிவெண்களும் உடைய அணுக்கள் ஆவர்த்தன அட்டவணையில் ஒரே தானத்தைப் பெறுவன. ஆதலின், ‘சமமான இடம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக்கொண்டு ஆக்கிய பெயரை மருத்துவரான மார்கிரற் தொட் அம்மையார் எடுத்துரைக்க, பிரெடெரிக் சொடி அதனை 1913இல் வழக்கிற் கொணர்ந்தார். தமிழ்ச் சொல்லும் அப்பொருளையே நன்கு விளக்கி நிற்கின்றது. அதே காலத்தில் ஜே. ஜே. தொம்சன் நேயன் வாயுவை ஆராய்ந்து, 20, 22 என்னுந் திணிவுகளுக்குரிய இரு சுவடுகளைக் கண்டார். அவரிடம் பயின்ற அஸ்ரன் 1919இல் கேம்பிரிட்ஜ் நகரில் திணிவுத் திருசியப்பதிகருவியை அமைத்து, குளோரீன் வாயு 35, 37 என்னும் இரு திணிவெண்களை உடைய அணுக்களின் கலவை என நிறுவினார். குளோரீனின் அணுநிறை முழுவெண்ணாகாது 35.5ஐ அண்மி நிற்பதேன் என்னும் பழைய வினாவுக்கு அதனால் விடை கிடைத்தது. 1922ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெற் பரிசு அஸ்ரனுக்கு வழங்கப்பட்டது.

ஒரு மூலகத்தின் அணுக்கள் பலவகைத் திணிவுடையன ஆயின், அவற்றாலான மூலக்கூறுகளும் பலவகைத் திணிவுடையனவாதல் வேண்டும். ஆகவே மூலக்கூறுகளைத் திணிவின்படி பிரித்துக் காட்டும் திணிவுத் திருசியமானியில் ஒரு சேர்வை ஓர் உச்சியாகத் தோன்றாது. அடுத்தடுத்து நிற்கும் உச்சிகளின் வரிசையாகத் தோன்றும். அவ்வுச்சிகளின் இடமும் உயரமும் சேர்ந்தமைவதே சமதானிக் கோலம். கோலத்தைக் கண்ட பயிற்சியாளன் சேர்வையிற் குளோரீன் அணுக்கள் எத்தனை, புரோமீன் உளதா, கந்தகம் இருத்தல் கூடுமா என்பனவற்றை ஊகித்துணர்வான். கையெழுத்தைக் கண்டு எழுதியவனை அறிவது போன்றது இது.

இக்கோலத்தைக் கணிப்பதே இங்கு ஆராயப்படும் நிரல்களின் தொழில். சேர்வையின் மூலக்கூற்றுச் சூத்திரத்தைத் தட்டெழுதினால், இமைப்பொழுதில் திணிவுகளும் உச்சிகளின் வரைபடமும் திரையிற் கிடைக்கும். பெரிய மூலக்கூறுகளுக்கு இக்கணக்கை இயற்றுவது எங்ஙனம் என்பது 1980ஆம் ஆண்டுகளில் ஒரு தனித்துறையாக வளர்ந்தது. யேர்கி 1983இல் வெளியிட்ட பொதுமுறையும், ரொக்வூட்டும் அவர் துணைவரும் 1995இல் வெளியிட்ட, பூரியேயின் உருமாற்றத்தைப் பயன்படுத்தும் விரைவு முறையும் இத்துறையின் மைல்கற்களாகும். சுவிற்சர்லாந்தின் இலோசான் நகரத்துப் பல்தொழினுட்பக் கழகத்திலே தோன்றி 2013இல் ஆய்விதழொன்றில் அறிவிக்கப்பட்ட கெம்கல்க், 2017இல் அறிவிக்கப்பட்ட ஐசோஸ்பெக் என்பன பின்வந்தவற்றுட் குறிப்பிடத்தக்கவை. ஆய்வாளர்க்கு இவை இன்றியமையாதன. அன்னார் தம் கருவி தந்த வரைபடத்தை ஒரு கையிலும் நிரல் தந்த வரைபடத்தை மறுகையிலும் வைத்து ஒப்பிடுவர். ஒப்பிடுவதற்கு இரண்டு இருப்பதால் அவர்க்கு மயக்கம் நேர்வதில்லை. ஒன்றே உடைய மாணவனின் நிலை வேறு. ஆகவே ஆய்வுக் கருவியாக இந்நிரல்கள் பெற்ற புகழைக்கொண்டு கல்விக் கருவியாக அவற்றின் தகுதியை அளத்தல் பொருந்தாது.

கணக்கின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். குளோரோபோம் என்னுஞ் சேர்வையை எடுத்துக்கொள்க. ஒரு காபன், ஓர் ஐதரசன், மூன்று குளோரீன் அணுக்கள் அதன் மூலக்கூற்றில் உள. குளோரீன் இடம் மூன்றிலும் 35 ஆயினும் 37 ஆயினும் அமரலாம். தமிழ் யாப்பிலக்கணம் பயின்ற மாணவனுக்கு இது புதிய கணக்கன்று. நேர், நிரை என்னும் இரண்டு அசைகளைக்கொண்டு மூவசைச் சீர் அமைத்தால் எட்டுச் சீர்கள் பிறக்கின்றன. நிரையே இல்லாதது தேமாங்காய் ஒன்று. ஒரு நிரை உடையன புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி என மூன்று. இரு நிரை உடையன கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி என மூன்று. மூன்றும் நிரையாயது கருவிளங்கனி ஒன்று. நேரசையைக் குளோரீன்-35 எனவும் நிரையசையைக் குளோரீன்-37 எனவும் கொண்டால், 1, 3, 3, 1 என்னும் இவ்வெண்களே குளோரோபோமின் நான்கு உச்சிகளுக்கும் அடிப்படையாகும். வேற்றுமை ஒன்றுண்டு: யாப்பில் வரிசை மாறினாற் சீரின் பெயரும் மாறும்; மூலக்கூற்றில் வரிசை மாறினும் திணிவு மாறாது. அதனாலேயே மூன்று வகை அமைப்புகள் ஒரே உச்சியிற் சென்று குவிகின்றன.

இயற்கையில் குளோரீன்-35, குளோரீன்-37 என்பன ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் உள எனக் கொள்க. மூன்றும் 35 ஆதற்கு 3ஐ மும்முறை பெருக்க 27. ஒன்று மட்டும் 37 ஆதற்கு 9. அது மூவகையாக நிகழ்தலின் 27. இரண்டு 37 ஆதற்கு 3. அதுவும் மூவகையாக நிகழ்தலின் 9. மூன்றும் 37 ஆதற்கு 1. ஆகவே 118, 120, 122, 124 என்னுந் திணிவுகளில் நிற்கும் உச்சிகள் 27 : 27 : 9 : 1 என்னும் விகிதத்தில் அமையும் என ஒரு தாள்துண்டிலேயே கணித்துவிடலாம். ஈருறுப்புத் தேற்றத்தை அட்சரகணிதத்திற் கற்று, அது எங்கே பயன்படும் என வினவும் மாணவனுக்கு இதனினுஞ் சிறந்த விடை கிடைத்தல் அரிது.

இதே சூத்திரத்தை நிரலிடம் கொடுத்தால் விடை சற்றே வேறுபடும். முதலுச்சியை 100 எனக் கொண்டால் ஏனைய மூன்றும் முறையே 96, 30.7, 3.3 என்னும் அளவில் நிற்கும். கைக்கணக்கின்படி முதலிரு உச்சிகளும் சமமாதல் வேண்டும். நிரலோ இரண்டாவதைக் குறைத்துக் காட்டுகின்றது. அன்றியும் 119, 121 முதலிய இடங்களிற் சிற்றுச்சிகளும் காணப்படும். இவ்விடத்திலேதான் கல்வி தொடங்குகின்றது. வேறுபாட்டின் காரணத்தைத் தேடும் மாணவன், குளோரீன்-35 நூற்றுக்கு 75.76, குளோரீன்-37 நூற்றுக்கு 24.24 என்பதையும், விகிதம் 3 அன்று 3.125 என்பதையும் அறிவான். சிற்றுச்சிகள் நூற்றுக்கு 1.07 அளவினதாகிய காபன்-13ஆல் வந்தன என்பதையும் கண்டுகொள்வான். தன் கணக்கு எங்கே தோராயமானது, ஏன் தோராயமானது என்பதை உணர்ந்தவன் கணக்கையும் பொருளையும் ஒருங்கே கற்றவனாவான். கைக்கணக்கின்றி நிரலின் விடையை மட்டும் பெற்றவனுக்கோ 96 என்பதும் 100 என்பதும் வெறும் எண்களே. அவற்றினிடையே வினவுதற்கு ஒன்றும் இல்லை. பொன்னை உரைத்துப் பார்ப்பதற்கு உரைகல் வேண்டும். உரைப்பதற்குப் பொன் இல்லாதவனிடத்து உரைகல்லால் யாது பயன்?

இனி, நிரல்கள் தரும் எண்களிலே மாணவரை மயக்குவன சிலவற்றை நோக்குதல் தகும். பெரும்பாலான நிரல்கள் ஒரு சேர்வைக்கு இரண்டு திணிவுகளை அடுத்தடுத்து அச்சிடும். ஒன்று, ஒவ்வொரு மூலகத்துக்கும் இயற்கையில் மிகுந்து காணப்படும் சமதானியை மட்டும் கொண்டு கணித்தது. மற்றையது, எல்லாச் சமதானிகளின் சராசரி. குளோரோபோமுக்கு முன்னையது 117.914, பின்னையது ஏறக்குறைய 119.4. தராசில் நிறுப்பவனுக்குப் பின்னையது வேண்டும். திருசியமானியை நோக்குபவனுக்கு முன்னையது வேண்டும். 119.4 என்னுந் திணிவுடைய குளோரோபோம் மூலக்கூறு உலகில் ஒன்றேனும் இல்லை. இவ்வுண்மையைக் கூறாது இரண்டெண்களையும் அருகருகே வைத்தல், திறவுகோல் இரண்டைக் கொடுத்து எக்கதவுக்கு எது என்று கூறாமல் விடுவதை ஒக்கும்.

புரோமீன் இதற்கு இன்னுந் தெளிவான சான்று. அதன் அணுநிறை 79.904, பாடசாலைக் கணக்குகளில் 80 என்றே கொள்ளப்படுவது. இயற்கைப் புரோமீனிலோ 80 என்னுந் திணிவெண்ணுடைய அணு இல்லை. நூற்றுக்கு 50.69 பங்கு புரோமீன்-79; எஞ்சிய 49.31 பங்கு புரோமீன்-81. இரண்டு புரோமீன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு 158, 160, 162 என மூன்று உச்சிகளை ஏறத்தாழ 1 : 2 : 1 என்னும் விகிதத்திற் காட்டும். நடுவே ஓங்கி நிற்கும் 160ஐக் கண்ட மாணவன், 80 திணிவுடைய அணுக்கள் இரண்டு சேர்ந்து அதனை ஆக்கின எனத் துணிந்துவிடுதல் இயல்பு. வரைபடத்தில் அத்துணிபை மறுப்பது எதுவும் இல்லை. ஒவ்வொரு உச்சியும் எவ்வெச் சமதானிகளின் சேர்க்கையால் வந்தது என்று கூறும் நிரலே இவ்விடத்து ஆசிரியனாகும்; உயரத்தை மட்டும் வரையும் நிரல், விரைவிலே பிழைசெய்யக் கற்பிப்பதாகும்.

மூலக்கூறு பெரிதாக ஆக நிரலின் மறைவான முடிபுகளும் பெருகுகின்றன. மனித இன்சுலினின் மூலக்கூற்றில் 257 காபன், 383 ஐதரசன், 65 நைதரசன், 77 ஒட்சிசன், 6 கந்தகம் ஆகிய அணுக்கள் உள. இவற்றின் நிலையான சமதானிகளை எத்தனை வகையாகச் சேர்க்கலாம் என எண்ணினால், தொகை ஒன்றரை இலட்சம் கோடியை விஞ்சும். மிகுந்த சமதானிகளாலேயே ஆன மூலக்கூறுகள் நூற்றுக்கு மூன்றளவே. ஆகவே அவற்றுக்குரிய 5803.64 என்னுந் திணிவில் நிற்பது சிற்றுச்சியாகும். கோலத்தின் சிகரம் அதற்குச் சில அலகுகள் அப்பால் நிற்கும். காபன் மட்டும் கொண்ட கொத்துகளிலுங்கூட 93 அணுக்களை எட்டியதும் இரண்டாம் உச்சி முதலுச்சியை மிஞ்சிவிடும். சிறு சேர்வைகளில் ‘முதலுச்சியே உயர்ந்தது’ எனப் பழகிய கண் இங்கே ஏமாறும்.

அத்துணைச் சேர்க்கைகளையும் எந்த நிரலும் ஒவ்வொன்றாகக் கணிப்பதில்லை. புறக்கணிக்கத்தக்கன எவை என அது ஓரிடத்தில் எல்லை வகுக்கின்றது. அவ்வெல்லையை வகுத்த முறையை வெளிப்படையாகக் கூறுதல் நிரலின் நேர்மைக்கு அளவுகோல். ஐசோஸ்பெக் இவ்வகையிற் பாராட்டத்தக்கது. மொத்த நிகழ்தகவில் எத்துணைப் பங்கு வேண்டும் எனப் பயன்படுத்துவோன் குறிப்பிட, அப்பங்கை நிரப்பும் மிகச்சிறிய தொகுதியை அது தேர்ந்து தருகின்றது. விடப்பட்டது எவ்வளவு என்பதை அறிந்தே விடையைப் பெறுவதற்கு இம்முறை இடந்தருகின்றது. இத்தகைய எல்லையைத் தானே வகுத்து, அதனைத் திரையிற் காட்டாத நிரல் கல்விக்கு ஏற்றதன்று.

‘இரண்டு அலகு’ என்னும் வழக்கும் ஆராயத்தக்கது. குளோரீனின் இரு சமதானிகளுக்கும் இடையிலான வேறுபாடு 1.99705, புரோமீனில் அது 1.99795, கந்தகம்-32, கந்தகம்-34 என்பனவற்றிடையே 1.99580, இரண்டு காபன்-12க்குப் பதிலாக இரண்டு காபன்-13 வந்தால் 2.00671. பிரிவலு குறைந்த கருவியில் இவை யாவும் ஒன்றே. பிரிவலு மிகுந்த கருவியில் வெவ்வேறு. எப்பிரிவலுவை மனத்திற்கொண்டு வரையப்பட்டது என்று கூறாத வரைபடம், அளவுத்திட்டம் குறிக்கப்படாத நிலப்படம் போன்றது. அவ்வாறே கருவியிற் காணப்படுவது மூலக்கூறு அன்று, ஏற்றம் பெற்ற அயன் என்பதும் நினைவிருத்தல் வேண்டும். இழந்த இலத்திரனின் திணிவாகிய 0.00055 கழிக்கப்பட்டதா, ஏற்றம் ஐந்தாயின் உச்சிகளிடையே உள்ள தூரமும் ஐந்திலொன்றாகக் குறுகிற்றா என்பன ஆசிரியர் நிரலைச் சோதிப்பதற்குரிய எளிய வினாக்கள்.

இவையெல்லாம் நிரலின் உள்ளே திருத்தத்தக்க குறைகள். நிரலின் இயல்பிலேயே அமைந்த எல்லைகள் இரண்டு உள. அவற்றை மாணவன் அறியாதிருத்தல் பெருங்கேடு.

முதலாவது, நிரல் கணிப்பது கொடுத்த சூத்திரத்தின் கோலத்தை மட்டுமே. இலத்திரன்களால் மோதி அயனாக்கும் கருவியிற் குளோரோபோமைச் செலுத்தினால், 118இல் நிற்கவேண்டிய உச்சி மிகமிகச் சிறியதாகவே தோன்றும். மூலக்கூறு ஒரு குளோரீனை இழந்து உடைவதால் 83, 85, 87 என்னும் மூன்று உச்சிகளே ஓங்கி நிற்கும். அவற்றின் விகிதம் ஏறத்தாழ 9 : 6 : 1, இரண்டு குளோரீன் எஞ்சியதற்கு அதுவே அடையாளம். மூன்று குளோரீனுக்குரிய நான்கு உச்சிகளைத் திரையிற் கண்டு மனத்திற் பதித்த மாணவன், உண்மைக் கருவியின் பதிவைக் கண்டவிடத்துத் திகைப்பான். கருவி பழுதோ, பொருள் கலப்போ என ஐயுறுவான். நிரல் பிழையொன்றும் செய்யவில்லை. மூலக்கூறு உடையுமா என்று அதனிடம் எவரும் வினவவில்லை. வினவினும் விடைகூறும் ஆற்றல் அக்கணக்குக்கு இல்லை.

இரண்டாவது எல்லை இன்னும் ஆழமானது. எல்லா நிரல்களும் இயற்கையில் ஒவ்வொரு சமதானியும் எத்துணைப் பங்கு உளது என்று கூறும் ஓர் அட்டவணையை உள்ளே கொண்டுள்ளன. அவ்வட்டவணை உலகெங்கும் ஒன்றே என்பது அவற்றின் கொள்கை. பெரும்பாலும் இது பொருந்தும், முற்றிலும் பொருந்தாது. தூய, பிரயோக இரசாயனவியலுக்கான சருவதேச ஒன்றியம் 2009இல் திருத்தி 2011இல் வெளியிட்ட அட்டவணையில் ஐதரசன், காபன், நைதரசன், ஒட்சிசன், குளோரீன் முதலிய பத்து மூலகங்களின் அணுநிறைகளை ஒற்றையெண்ணாற் கூறாது இரண்டு எல்லைகளுக்கு இடைப்பட்டனவாகக் கூறிற்று; குளோரீனுக்கு அவ்வெல்லைகள் 35.446, 35.457. பொருள் பிறந்த இடத்துக்கேற்ப அணுநிறையும் சிறிது மாறும் என்பதே இதன் கருத்து. விற்பனைக்கு வரும் இலிதியச் சேர்வைகள் சிலவற்றில் இலிதியம்-6 முன்னரே பிரித்தெடுக்கப்பட்டிருத்தலும் அறியப்பட்டதே.

இவ்வுண்மைக்கு மிகப் பெரிய சான்று இலங்கை மண்ணிலிருந்தே கிடைத்தது என்பதை இந்நாட்டு மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். தோரியம் மிகுந்த கனிப்பொருள்கள் இந்நாட்டில் உள. பிற்காலத்திற் கலையாராய்ச்சியாற் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராய் இருந்த காலத்தில், 1904இல், தோரியனைற்று என்னுங் கனிப்பொருள் இங்குக் கண்டறியப்பட்டது. அதனின் வேறாகிய தோரைற்று என்னும் இலங்கைக் கனிப்பொருளொன்றைச் சொடி தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். தோரியம் படிப்படியாகச் சிதைந்து இறுதியில் ஈயம்-208 ஆகும் என்பது கொள்கை. கொள்கை மெய்யாயின் அக்கனிப்பொருளிற் பொதிந்த ஈயம் பொதுவான ஈயத்தினும் நிறைமிக்கதாதல் வேண்டும். 1914 தொடக்கம் 1917 வரையுள்ள ஆண்டுகளில் நிகழ்ந்த அளவீடுகள் அதனை மெய்ப்பித்தன: பொதுவான ஈயத்தின் அணுநிறை 207.2, இலங்கைத் தோரைற்றின் ஈயத்துக்கோ 207.7 அளவில் எண் கிடைத்தது. யுரேனியக் கனிப்பொருள்களின் ஈயம் 206ஐ அண்மி நிற்பதை அமெரிக்காவில் றிச்சாட்ஸ் கண்டார். ஒரே மூலகம், ஒரே தானம், வெவ்வேறு நிறை: சமதானிக் கொள்கைக்கு இது வலிய தூணாயிற்று.

இன்றைய நிரலொன்றிடம் ஈயத்தின் கோலத்தை வினவினால் 204, 206, 207, 208 என்னும் நான்கு உச்சிகள் முறையே நூற்றுக்கு 1.4, 24.1, 22.1, 52.4 என்னும் அளவில் எழும். இலங்கைத் தோரைற்றின் ஈயத்தைத் திருசியமானியில் இட்டால் அக்கோலம் கிடையாது. 208 ஏனையவற்றை வெகுவாக விஞ்சி நிற்கும். நிரல் அட்டவணைக்கு உண்மையாய் இருந்தது. கல்லுக்கு உண்மையாய் இருக்கவில்லை. கல் எங்கே பிறந்தது, எத்துணைக் காலம் மண்ணுள் இருந்தது என்பன சூத்திரத்தில் எழுதப்படுவதில்லை. சமதானிக் கொள்கையை நிலைநாட்டிய பொருளின் கோலத்தையே சமதானிக் கணிப்பு நிரல் தவறாகக் காட்டும் என்பதை உணர்ந்த மாணவன், நிரலின் தன்மையை முழுவதும் உணர்ந்தவனாவான். சமதானிகளின் பங்குகளைப் பயன்படுத்துவோனே மாற்றுதற்கு இடந்தரும் நிரல்கள் உள. கல்விக்கு உரியன எவை எனத் தெரிந்தெடுக்குமிடத்து அவற்றுக்கே முதன்மை அளித்தல் தகும்.

கைக்கணக்கை வற்புறுத்துதல் காலத்துக்கு ஒவ்வாது என்பார் உளர். இன்சுலினின் கோலத்தை எவரும் தாளிற் கணிப்பதில்லை. ஆதலின் குளோரோபோமையுந் தாளிற் கணிப்பதால் வரும் பயன் யாது என வினவுவர். பெரியதைக் கைவிட்டுக் கணிக்க முடியாமையாலேயே சிறியதைக் கையாற் கணித்தல் இன்றியமையாததாகின்றது என்பதே அதற்கு விடை. நடந்து அறிந்த பாதை சிறிதேனும் உடையவனே வண்டி செல்லும் நெடுவழி சரியானதா என வினவ வல்லவன். அன்றியும் இது வெறும் கணக்குப் பயிற்சி பற்றிய வழக்கன்று. திணிவுத் திருசியமானி பெருவிலையுடையது, பாடசாலைகளுக்கு எட்டாதது. கருவி உள்ள ஆய்வுகூடத்தில் நிரலின் பிழையைக் கருவி திருத்தும். நிரலை மட்டும் உடைய பாடசாலையிற் கருவியின் இடத்தை நிரலே கவர்ந்துகொள்ளும். கணித்த கோலம் கண்ட கோலமாக மாணவன் மனத்திற் பதியும். வசதி குறைந்த இடத்துக்கு நிரல் பெருந்துணை என்பது மெய். அவ்விடத்திலேயே அதனால் வரும் மயக்கமும் பெரிது என்பதும் மெய். பரிசோதனையை அடிப்படையாகக் கொண்ட ஓர் இயலில், பரிசோதிக்கப்பட்டது எது, ஊகிக்கப்பட்டது எது என்னும் வேறுபாட்டை இழந்த மாணவன் அவ்வியலின் உயிரையே இழந்தவனாவான்.

ஆகவே வகுப்பில் இந்நிரல்களைப் பயன்படுத்தும் முறைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். மாணவன் முதலிற் கோலத்தைத் தாளில் வரைதல் வேண்டும். பின்னர் நிரலைத் திறத்தல் வேண்டும். இரண்டும் வேறுபடும் இடத்துக்குக் காரணம் எழுதுதல் வேண்டும். இறுதியாக, உண்மைக் கருவியிற் பதிவான திருசியம் ஒன்றை நூல்களிலோ பொதுத் தரவுத் தொகுப்புகளிலோ தேடி, நிரல் கூறாதன யாவை எனக் குறித்தல் வேண்டும். தாள், நிரல், பதிவு என்னும் மூன்றும் அடுத்தடுத்து வரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று காட்டும். நிரல் இயற்றுவோரும் இதற்கு உதவுதல் கூடும். விடையைக் காட்டுமுன் மாணவனின் ஊகத்தைக் கேட்டல், ஒவ்வொரு உச்சிக்கும் உரிய சமதானிச் சேர்க்கையைக் கூறல், கையாண்ட அட்டவணையையும் எல்லையையும் பிரிவலுவையும் திரையின் மேலேயே எழுதல், ‘இது கணித்தது; அளந்தது அன்று’ என ஒரு வரி சேர்த்தல் ஆகியவற்றால் நிரலின் விரைவு சிறிதும் குறையாது; அதன் கல்விப் பயனோ பன்மடங்காகும்.

இவ்வளவும் கூறியதனால் இந்நிரல்கள் இழிந்தன என்பது கருத்தன்று. ஒரு தலைமுறைக்கு முன்னர் ஆய்வுகூடங்களுக்கே அரிதாயிருந்த கணிப்பாற்றலை அவை மாணவனின் மேசைக்குக் கொணர்ந்துள்ளன. பல, பொருள் பெறாமலே வழங்கப்படுகின்றன. செய்யச் சொன்ன கணக்கை அவை செவ்வனே செய்கின்றன. சொல்லாத கணக்கை அவை செய்தன என நம்புவது நம்புவோன் பிழை. அப்பிழைக்கு இடங்கொடாத வகையில் அவற்றை ஆக்குவது இயற்றுவோர் கடன். கையாளச் செய்வது ஆசிரியர் கடன். நேயன் வாயுவின் இரண்டு சுவடுகளைக் கண்டபோது தொம்சனிடம் அவை ஏன் தோன்றின என்று கூறும் நிரல் இருக்கவில்லை. எதிர்பாராத ஒன்று பதிந்திருந்தது; அதனைப் புறக்கணியாது அவர் வினவினார். எதிர்பார்த்ததையே காட்டும் திரையின் முன் அமர்ந்திருக்கும் மாணவனுக்கும் அவ்வினவும் பழக்கம் கைவரச் செய்வதே இரசாயனவியற் கல்வியின் பயனாகும்.